பிச்சுமணியின் பீங்கான் கார்

ஆடிட்டர் பிச்சுமணி அந்தச் சபதத்தை எடுத்தபோது அவர் இடுப்பில் கஞ்சி போட்ட வேஷ்டி மொடமொடவென்று நின்றது. சபதம் இருக்கட்டும், வேஷ்டிக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது. மறந்துவிடாதீர்கள்.

வீட்டுக்குப் புது வெள்ளைக் கார் வந்திருந்தது. வந்த கையோடு பிச்சுமணி அதைக் கொண்டுபோய் செராமிக் கோட்டிங் போட்டுவிட்டார். பெயிண்டுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு. தூசி ஒட்டாது, காக்கை எச்சம் பிடிக்காது, தண்ணீர் பட்டால் நிற்காமல் ஓடிவிடும் என்று கடைக்காரர் சொன்னார். பிச்சுமணி ஊரார் கணக்கையெல்லாம் சோதிக்கிறவர். சொன்னதை அப்படியே நம்புகிற ஜாதி இல்லை. குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, பானெட் மேல் ஒரு பீச்சு பீச்சினார். அடுத்த நிமிஷம் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"பத்மஜா! ஓடி வா! ஓர் அதிசயம் பாரு!"

"கஞ்சி வடிச்சிண்டிருக்கேன். உங்க வேஷ்டிக்குத்தான்."

"கஞ்சி கிடக்கட்டும்டி! வா இங்கே!"

பத்மஜா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். வெள்ளைப் பானெட் முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாய் உருண்டு நின்றது. பிச்சுமணி ஒரு முத்தை ஊதினார். அது கிடுகிடுவென்று ஓடிப் போகிற வழியில் இன்னும் நாலு முத்தைச் சேர்த்துக்கொண்டு கீழே குதித்தது. போன இடத்தில் ஈரம்கூட இல்லை. இன்னொரு முத்துக்குப் பக்கத்தில் குனிந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். தெருக்கோடியில் நிற்கிற பத்மநாபசுவாமி கோயில் கோபுரம், அந்த ஒரு துளிக்குள் தலைகீழாகப் பூராவும் இருந்தது. பிச்சுமணி பாட்டிலைக் கீழே வைத்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"என்னடி ஒண்ணும் சொல்லமாட்டேங்கறே?"

"சேம்பிலையிலே தண்ணி விட்டாலும் இதைத்தான் பண்றது. அதுக்கு யாரும் கன்னத்திலே போட்டுக்கறதில்லை."

"இது செராமிக்டி! செராமிக்!"

"செராமிக்னா பீங்கான்தானே? அப்போ இது ஊறுகாய்ப் பரணியாக்கும். நாலு சக்கரம் வெச்ச பரணி."

"உனக்கு இதோட மகிமை தெரியலை. இது கோட்டிங்!"

"கோட்டிங் காருக்கு. கோட்டி உங்களுக்கு."

பத்மஜாவின் பூர்வீகம் திருநெல்வேலி. அந்தப் பக்கத்தில் கோட்டி என்றால் பைத்தியம். பிச்சுமணிக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டார்.

பத்மஜாவின் கோபத்துக்குக் காரணம் உண்டு. அவளுக்கு வேலை ஊருக்கு வெளியே ஹைவேயில் இருக்கிற கழக்கூட்டத்தில், ஒரு சாப்ட்வேர் கம்பெனியின் கணக்குப் பிரிவில். தினமும் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி, ஒற்றைக் காலில் நின்று போய், இன்னொரு காலில் நின்று திரும்புகிறாள். பிச்சுமணிக்கு ஆபீஸ் பக்கத்திலேயே, சாலைக்கடை பஜாரில், சுவாமிதாஸின் ஹார்டுவேர் கடைக்கு மாடியில். வேஷ்டியின் கஞ்சி கலையாமல் நடந்தே போய்விடலாம். ஆக, காரில் போகவேண்டியவள் பஸ்ஸில் போனாள். கார் வேண்டாதவர் வீட்டில் கார் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கியது. அவளிடம் லைசென்ஸ் இல்லாமல் இல்லை. டெஸ்டில் கம்பிகளுக்கு நடுவே ரிவர்ஸிலும் ஓட்டி ஹெச் எழுத்துப் போடச் சொன்னபோது ஒரு கம்பியைக்கூடத் தொடாமல் போட்டு முதல் தடவையே பாஸானவள் அவள். பிச்சுமணி அதே மைதானத்தில் கம்பிகளையெல்லாம் சாய்த்துவிட்டு, மறுபடி மறுபடி போய் வாங்கியவர்.

"அப்போ நாளையிலேர்ந்து நான் கார்லே ஆபீஸ் போறேன்," என்றாள் பத்மஜா.

"ஹைவேயிலயா? லாரிக்குப் பின்னாலேயா? கோட்டிங் என்னத்துக்கு ஆகும்?"

"பின்னே கார் என்னத்துக்கு?"

இந்த நேரம் பார்த்து சுவாமிதாஸ் வந்து சேர்ந்தார். ஜி.எஸ்.டி. விஷயமாகப் பேச வந்தவர், பானெட்டைப் பார்த்ததும் விஷயத்தை மறந்துவிட்டார்.

"எடே அப்பா! சாமி, இது என்னவாக்கும் இப்படி உருளுது?"

ரசிக்க ஓர் ஆள் கிடைத்ததும் பிச்சுமணிக்கு வீரம் வந்துவிட்டது. கோபுரத்தைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"சுவாமிதாஸ், நீர் சாட்சி. பத்மஜா, நன்னாக் கேட்டுக்கோ. இது மேலே தண்ணி உருள்ற வரைக்கும் இந்தக் காரை என்னைத் தவிர ஒருத்தரும் தொடப்படாது. என்னிக்கு உருளாம பரவறதோ, அன்னிக்கே சாவி உன் கையிலே. அப்பறம் ஆயுசுக்கும் திருப்பிக் கேக்கமாட்டேன். பத்மநாபன் மேலே சத்தியம்!"

"நான் சாட்சியாக்கும்," என்றார் சுவாமிதாஸ்.

பத்மஜா கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். உள்ளே போய்க் கஞ்சியைப் பார்த்தாள்.

அன்று முதல் தினமும் காலையில் தணிக்கை நடந்தது. போர்வையை விலக்குவார், பீச்சுவார், குனிவார், கோபுரத்தைத் தரிசிப்பார். "பரிபூர்ண திருப்தி" என்று ஆடிட் ரிப்போர்ட் மாதிரி அறிவித்துவிட்டுத்தான் காபி குடிப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் சங்குமுகம் கடற்கரை வரை போய்வரும். அதற்கும் சட்டதிட்டங்கள் இருந்தன. ஈரக் குடையோடு ஏறக் கூடாது. செருப்பைத் தட்டிவிட்டு ஏறவேண்டும். புடவைத் தலைப்பில் ஒரு துளி ஈரம் இருந்தால்கூட சீட்டில் நியூஸ்பேப்பர் விரித்துத்தான் உட்காரவேண்டும். பத்மஜா பல ஞாயிற்றுக்கிழமைகள் நியூஸ்பேப்பர் மேல் உட்கார்ந்து சமுத்திரத்தைப் பார்த்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது பிரசங்கம் வேறு. யூடியூபில் பார்த்ததையெல்லாம் ரசம் சாதத்தில் பிசைந்து அவளுக்குப் புகட்டினார்.

"கேட்டியோ பத்மஜா, கோட்டிங் போச்சா இருக்கான்னு கண்டுபிடிக்கறது ஒரு பெரிய வித்தை. துளி உருண்டையா நிக்கறதான்னு மட்டும் பாத்தாப் போறாது. சாய்வா இருக்கற எடத்துலே தானா வழுக்கி ஓடணும். கழுவினா சீக்கிரம் காயணும்."

"மோர் விடட்டுமா?"

"விடு. இன்னொரு சூட்சுமம் இருக்கு. சில சமயம் மேலே அழுக்கோ உப்புத்தண்ணியோ லேசா ஒரு படலம் படிஞ்சுடும். கண்ணுக்கே தெரியாது. தண்ணி உருளாம பரவும். முட்டாள் என்ன நினைப்பான்? கோட்டிங் போச்சுன்னு நினைப்பான். ஆனா அது அடியிலே பத்திரமா இருக்கும். ஷாம்பு போட்டுக் கழுவினா திரும்ப முத்து முத்தா உருளும்!"

மோர் விட்டுக்கொண்டிருந்த பத்மஜாவின் கை நின்றது.

"கண்ணுக்கே தெரியாதா?"

"தெரியவே தெரியாது!" அவள் இவ்வளவு ஆர்வமாகக் கேட்டது கல்யாணமான பிறகு இதுதான் முதல் தடவை. பிச்சுமணி பூரித்துப்போய் இன்னொரு கை சாதம் போட்டுக்கொண்டார்.

அந்த வாரம் வேஷ்டி சரியில்லை. இடுப்பில் நிற்காமல் துவண்டு விழுந்தது. சாயங்காலம் தீபாராதனைக்குக் கிளம்பும்போது பிச்சுமணி கேட்டார்.

"ஏண்டி, வேஷ்டி என்ன பழந்துணி மாதிரி தொங்கறது?"

"புது அரிசி, அதான். கஞ்சி சரியா வரலை. நீங்க போய் நிம்மதியா சேவிச்சுட்டு வாங்கோ. அவசரமே இல்லை."

மறுநாள் காலையில் பிச்சுமணி போர்வையை விலக்கினார், பீச்சினார், குனிந்தார். கோபுரத்தைக் காணவில்லை.

முத்தும் இல்லை. பீச்சின தண்ணீர் பானெட் மேலே சளசளவென்று பரவி, நிதானமாய் வழிந்தது. இன்னொரு தடவை பீச்சினார். அதுவும் பரவியது. கதவில் பீச்சினார். கூரையில் பீச்சினார். பாட்டில் காலியானதும் உள்ளே ஓடி ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்து கொட்டினார். எல்லாத் தண்ணீரும் சாதாரணத் தண்ணீரைப் போலவே நடந்துகொண்டது. பிச்சுமணி நடுத்தெருவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

கடைக்காரருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் மலையாளத்தில் பதில் வந்தது.

"சாரே, வண்டியை ஆத்யம் ஷாம்பு இட்டு நல்லோணம் கழுகணம். பின்னே நோக்கணம்."

"என் காரைக் கழுவணுமா? நான் போர்வை போத்தி வெச்சிருக்கேன்! ஒரு தூசி கிடையாது! யார் கார்னு நினைச்சு பேசறேள்?" என்று கத்திவிட்டு பிச்சுமணி போனை வைத்தார். தன் கார் அழுக்காக இருக்கும் என்பதை மட்டும் அவரால் ஒப்புக்கொள்ள முடியாது. கோட்டிங் செத்தது என்றால்கூடத் தாங்கிக்கொள்வார்.

பத்மஜா ஆபீஸுக்குப் புறப்பட்டு, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"என்னன்னா, முகம் இப்படி இருக்கு? தண்ணி உருளலையா?"

"உருளலை."

"பரவறதா?"

"பரவறது."

"த்சொ த்சொ." அவள் கையை நீட்டினாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடி வந்தேன். இனிமே அவசரமில்லை."

பத்மநாபன் மேல் சத்தியம். கோபுரம் வேறு பார்த்துக்கொண்டே நின்றது. பிச்சுமணி சாவியைக் கொடுத்தார்.

அந்தத் தெருவில் எதிரே ஓர் ஆட்டோ வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்ளவேண்டும். அதிலிருந்து பிச்சுமணி காரை வெளியே எடுப்பதற்குள் சங்குமுகத்தில் சூரியன் அஸ்தமித்துவிடும். பத்மஜா கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தாள். கார் ரிவர்ஸிலேயே போயிற்று. ஒரு சுவரையும் உரசாமல், ஒரு பூத்தொட்டியையும் தொடாமல், வளைவில் சொன்னபடி கேட்டுத் திரும்பி, மறைந்தது. பிச்சுமணி வாயைத் திறந்தபடி நின்றார். முத்துக்களைப் பார்த்தபோதுகூட வாய் இவ்வளவு திறக்கவில்லை.

அதன் பிறகு அவர் காரின் பக்கமே போகவில்லை. பீச்சுகிற பாட்டில் மறுபடி குரோட்டன்ஸுக்குப் போயிற்று.

ஐப்பசி பிறந்து துலா மாசத்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் தீபாராதனை சேவித்துவிட்டு, ஆபீஸில் மறந்துபோன பேப்பரை எடுக்கச் சாலைக்கடைப் பக்கம் போன பிச்சுமணி, இடியும் மழையுமாய்க் கொட்டியதில் சுவாமிதாஸின் கடைக்குள் ஒதுங்கினார். வேஷ்டி முழங்கால் வரை நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது.

"சாமிக்கு இப்பல்லாம் வேட்டியிலே உசிரே இல்லையே?" என்றார் சுவாமிதாஸ்.

"எனக்கே இல்லை ஓய்."

அப்போது மழையைப் பிளந்துகொண்டு ஒரு வெள்ளைக் கார் வந்து கடை வாசலில் நின்றது. ஆபீஸிலிருந்து திரும்புகிற வழியில் அவரைப் பார்த்துவிட்ட பத்மஜா கண்ணாடியை இறக்கினாள். பிச்சுமணி அவளைப் பார்க்கவில்லை. பானெட்டைப் பார்த்தார்.

முத்து! பானெட் கொள்ளாத முத்து! வானத்திலிருந்து விழுந்த ஒவ்வொரு துளியும் விழுந்த வேகத்தில் உருண்டையாகி, ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடியது. கடையின் விளக்கெல்லாம் அவற்றுக்குள் ஏறி மின்னிற்று. சுவாமிதாஸ் பைபிளில் வருகிற அற்புதத்தைக் கண்ட மாதிரி எழுந்து நின்றார். பிச்சுமணி கைகூப்பிவிட்டார்.

"பத்மஜா! கோட்டிங் போகலைடி! உருள்றது பாரு! உருள்றது!"

"அப்படியா? நேத்துதான் ஷாம்பு போட்டுக் கழுவினேன். உள்ளே வாங்கோ, நனையறேள். இருங்கோ இருங்கோ." அவள் பக்கத்து சீட்டில் நியூஸ்பேப்பரை விரித்தாள். "ம், இப்போ உக்காருங்கோ. குடையை வெளியிலேயே உதறிடுங்கோ."

பிச்சுமணி உதறினார். உட்கார்ந்தார். கார் புறப்பட்டதும் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்.

"அப்போ சாவி..."

"ஆயுசுக்கும் திருப்பிக் கேக்கமாட்டேன்னேள். சுவாமிதாஸ் சாட்சி. அதோ கோபுரம் தெரியறது. கேக்கணும்னா கேளுங்கோ."

பிச்சுமணி கோபுரத்தைப் பார்த்தார். பிறகு பானெட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். கிழக்கேகோட்டை வளைவில்தான் அவருக்கு அது உறைத்தது.

"அன்னிக்குப் பரவித்தே. மேலே ஏதோ படலம் படிஞ்சிருக்கணும். நான் போர்வை போத்தி வெச்ச கார். அது மேலே என்னடி படியும்?"

பத்மஜா ஒரு பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே காரை அநாயாசமாக நுழைத்து வெளியே கொண்டுவந்தாள். பிறகு நியூஸ்பேப்பர் மேல் துவண்டு கிடந்த வேஷ்டியை ஒரு பார்வை பார்த்தாள்.

"நாளையிலேர்ந்து வேஷ்டிக்கே கஞ்சி போட்டுடறேன்னா. காருக்கு இனிமே வேண்டாம்."