முத்துவீரன் கட்டடத்துக்குக் கதவு வேண்டும்

மேற்பிரிவு,
எஹலியகொட.
12.06.2003

பெருமதிப்புக்குரிய மச்சான் ஸ்ரீதரன் அவர்களின் சமூகத்துக்கு, தங்கை கணவன் கஜேந்திரன் பணிந்து எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் தங்கை கிருஷ்ணகுமாரி, மகள் ஷாமிளா, நான், ஆடு இரண்டு, யாவரும் முருகன் தயவில் மழையோடு மழையாகச் சுகமாயிருக்கிறோம். தாங்களும் வத்தளையில் குடும்பமும் ஹார்ட்வெயார் கடையுமாகச் சுகமென்று நம்புகிறோம். எங்கள் வீட்டு வாசலில் நிற்கும், காலஞ்சென்ற மாமாவின் பலாப்பலகைக் கதவும் சுகம். உங்கள் புது வீட்டுக்கு அதைக் கழற்றிக் கொண்டுபோவதாக நீங்கள் சொன்ன நாள்முதல் உங்கள் தங்கை வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கு எண்ணெய் பூசுகிறாள். மாமா தன் பெயரைச் செதுக்கி வைத்த இடத்தில் மட்டும் இரண்டு சொட்டுக் கூடுதல்.

நிற்க. செவ்வாய்க்கிழமை ஜுனைதீன் நானா கடைக்கு டெலிபோன் எடுத்து, என்னைக் கூப்பிடச் சொல்லி, நீங்கள் ஏசிய ஏச்சில் ரிசீவர் என் காதில் இருந்தாலும் சத்தம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போயிருக்கிறது. நானா பாவம், "தம்பி, இருங்க, ஒரு சோடா குடிங்க"ன்னு போத்தலை உடைச்சுக் கையில குடுத்தாரு. உங்க கோபம் நியாயம்தான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா "உனக்கு மூளை இருக்காடா"ன்னு கேட்டீங்க பாருங்க, அதுக்கு மட்டும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துச் செயலாளர்ங்கிற முறையில ஒரு விளக்கம் குடுக்க வேண்டியிருக்கு.

எல்லாத்துக்கும் காரணம் புது அதிபர் மெல்வின் சேர் கொண்டுவந்த சுற்றறிக்கை. பள்ளிக்கூடத்துக்குக் காசு சேர்க்கிறதுன்னா மொதல்ல எதுக்குன்னு முடிவு பண்ணணும், அதை ஊருக்கு வெளிப்படையா சொல்லணும், சேர்த்ததை அதுக்கே செலவழிக்கணும், பிள்ளைகளை உண்டியலோட ரோட்டுக்கு அனுப்பக்கூடாது, ரசீது இல்லாம ஒரு முட்டாயிகூட வாங்கக்கூடாது. சிங்களத்துல வந்ததை நான்தான் தமிழ்ல வாசிச்சேன். எல்லாரும் கை தட்டுனாங்க. தட்டின கையோட ஒவ்வொண்ணா உடைச்சாங்க.

எதுக்குக் காசுன்னு சேர் கேட்டதும், பொம்பளைங்க எல்லாம் ஒரே குரல்ல "பொட்டப்புள்ளைங்களுக்குக் கக்கூஸ்"னாங்க. ஆம்பளைங்க எல்லாம் கூரைத் தகரத்தைப் பார்த்தோம். நம்ம தலைவர் பவுல் எழும்பி, "கக்கூசுக்கு எவன்யா குடுப்பான்? பேரு போட முடியுமா? ஒரு வளைவு கட்டுவோம்"னாரு. சேர் ஒத்துக்கல. கக்கூஸ்தான்னு தீர்மானம் எழுதியாச்சு. எழுதி முடிஞ்ச கிழமையே நன்கொடை வர ஆரம்பிச்சிருச்சு மச்சான்: சுவர்க்கடிகாரம். ஒண்ணு இல்ல, நாலு. நாலுலயும் உபயம்னு பேரு, நம்பரை மறைக்கிற சைசுல. இப்ப பள்ளிக்கூடத்துல நாலு நேரம் ஓடுது. பசி எடுத்த வாத்தியாரு எந்தக் கடிகாரம் முந்துதோ அதைப் பார்த்து மணி அடிக்கிறாரு.

கடிகாரத்துல போய் ஒக்கார முடியாதேன்னு சேர் சொன்னதுக்கு பவுல் ரோஷப்பட்டுட்டாரு. புத்தருக்குப் பண்டிகை எடுக்கிற வெசாக் கிழமை, சேர் கூட்டத்துக்கு இரத்தினபுரி போயிருந்த நேரமாப் பார்த்து, வெள்ளைச் சீருடையோட பிள்ளைகளை உண்டியலைக் குடுத்து டவுனுக்கு அனுப்பிட்டாரு. அனுப்புறப்பவே, "கக்கூஸ்னு வாயைத் தொறக்காதீங்க, அசிங்கம். சிங்களத்துல 'பின்கம'ன்னு சொல்லுங்க, புண்ணிய காரியம்தானே"ன்னு சொல்லிக்குடுத்திருக்காரு. வெசாக் கிழமையில பின்கமன்னா சிங்களச் சனம் என்ன நினைக்கும்? ரோட்டுல போறவங்களுக்கு இலவசமாச் சாப்பாடு குடுக்கிற தன்சல் போடப் போறாங்கன்னு நினைச்சு, காசு போட்டதோட நிக்காம ஒரு லொறி மரவள்ளிக்கிழங்கும் தேங்காயும் ஏத்தி அனுப்பிட்டாங்க. "ஐயோ, தமிழ்ப் பிள்ளைகள் தன்சல் குடுக்குதுகள்"னு ஒரு அம்மா கண்ணைத் துடைச்சுதாம். சேர் திரும்பி வந்து லொறியைப் பார்த்தாரு, பவுலைப் பார்த்தாரு. எதுக்குன்னு சொல்லி வாங்கினோமோ அதுக்குத்தான் செலவழிக்கணும், சட்டம் சட்டம்தான்னுட்டாரு. அப்புறம் என்ன, ரோட்டோரத்துல பந்தல் போட்டு, பவுல் சட்டையைக் கழட்டிட்டு விடிய விடிய கிழங்கு அவிச்சாரு. கண்டி பஸ், பதுளை பஸ்னு ஒண்ணு விடாம நிப்பாட்டி எல்லாருக்கும் குடுத்தோம். வெறகுக்கும் மொளகாய்க்கும் சங்கத்துக் காசு போனதுதான் மிச்சம். கக்கூஸ் மட்டும் வரல.

அந்த நேரத்துலதான் உங்க கடிதம் தெய்வம் மாதிரி வந்துச்சு. அப்பா பேர்ல ஒரு கட்டடம், ரோட்டுல போறவன் பார்க்கணும், எழுத்து பெருசா இருக்கணும், பாதிக் காசு இப்ப, கதவு கடைசியில கடையிலருந்து வரும்னு எழுதியிருந்தீங்க. கட்டடம் என்னன்னு அவருக்குத் தெளிவா எழுதுங்கன்னு சேர் சொன்னாரு. நானும் தெளிவாத்தான் எழுதினேன்: "மாணவியருக்கான அத்தியாவசிய சுகாதார வசதி." கக்கூஸ்னு எப்படி மச்சான் மாமா பேருக்குப் பக்கத்துல எழுதுறது? நீங்க அதை மருந்துக்கட்டுற எடம்னு நினைச்சு, அப்பா பேர்ல ஆஸ்பத்திரி எழும்புதுன்னு வத்தளை பூரா சொல்லி வச்சிருப்பீங்கன்னு நான் கண்டேனா?

தண்ணிக்குழாய் இருக்கிற எடம் ரோட்டுப் பக்கம். அதனால ரோட்டைப் பார்த்தே கட்டியாச்சு. ஒரு அறை, நல்ல அறை. முன்சுவருல செவப்புப் பெயிண்ட்ல "முத்துவீரன் கங்காணி கட்டடம்"னு நானே எழுதினேன். அடுத்த நாளே ஒரு வாண்டு கையைத் தூக்கி, "சேர், முத்துவீரன் போய்ட்டு வரவா?"ன்னு கேட்டிருச்சு. அதுலருந்து பள்ளிக்கூடம் பூரா அதே பேச்சு. "முத்துவீரன்ல ஆள் இருக்கு", "முத்துவீரன் அடைச்சிருச்சு", இன்னும் என்னென்னமோ. பஸ்ல போன உங்க சின்னம்மா மகன் சன்னல்ல இதைக் கேட்டுட்டு உங்களுக்கு வத்தி வச்சிட்டான். நீங்களும் பேரை அழிக்கிற வரைக்கும் கதவு கெடையாதுன்னுட்டீங்க.

இப்ப நிலைமையைக் கேளுங்க. சுவரு இருக்கு, கூரை இருக்கு, தண்ணி இருக்கு, வாசல்ல கதவுக்குப் பதிலா பசளைச் சாக்கு தொங்குது. ஒரு காத்து அடிச்சா சாக்கு மேல போகுது, எதுத்தாப்புல பஸ் நிக்குது. பெரிய பிள்ளைகள் ஒண்ணும் அதுக்குள்ள போகுதில்ல, பழையபடி ரப்பர் மரத்துப் பக்கம்தான். நம்ம ஷாமிளா தையில பெரிய மனுசியானவ. போன கிழமை மூணு நாள் வயித்து வலின்னு படுத்துக்கிட்டா. எனக்குப் பயமா இருக்கு மச்சான். இப்படியே நின்னுருவாளோன்னு. உங்க தங்கச்சியைப் பாருங்க. ஏழாம் வகுப்போட நின்னவன்னாலும் வக்கீல் மாதிரி கேள்வி கேக்குறவ, இப்ப கதவுக்கு எண்ணெய் மட்டும் பூசிக்கிட்டிருக்கா.

ஆகையால் மச்சான், எல்லாம் என் பிழை. மன்னிச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை உளி எடுத்து சுவத்துல எழுதின மாமா பேரை ஒரு எழுத்து விடாமச் சுரண்டி எடுத்திர்றேன், இது சத்தியம். வளைவு கட்டுற காலத்துல அதுல போட்டுக்கலாம். நீங்க தயவு பண்ணி ஒரே ஒரு ஃபைபர் கதவை, நெளிஞ்சதானாலும் பரவாயில்ல, எஹலியகொட பஸ்ஸுல போட்டு விடுங்க.

அண்ணிக்கு வணக்கமும், பிள்ளைகளுக்கு ஆசியும், உங்கள் கோபத்துக்கு என் கும்பிடும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த
கஜேந்திரன்

பி.கு: அண்ணே, இது குமாரி. தபால்ல போடச் சொல்லிட்டு இவரு வேலைக்குப் போயிட்டாரு. ஒட்டுறதுக்கு முன்னால படிச்சேன். இந்த மனுசன் கடிதத்துல கேட்ட மன்னிப்பு அத்தனையும் வாபஸ். அப்பா பேரை எந்த உளியும் தொடாது.

நான் ஏன் ஏழாம் வகுப்போட நின்னேன்னு இவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். பெரியவளானேன், பள்ளிக்கூடத்துல கக்கூஸ் இல்ல. கக்கூஸ் அண்ணே, சுகாதார வசதி இல்ல. ஒருநாள் ரப்பர் மரத்துப் பக்கமிருந்து அழுதுகிட்டே வீட்டுக்கு வந்தேன். அப்பா அன்னைக்கே என்னையப் பள்ளிக்கூடத்தை விட்டு நிப்பாட்டிட்டாரு. என் கொப்பியில மிச்சமிருந்த தாள்ல நீங்கதான் கணக்குப் போட்டீங்க. அப்பா எனக்குக் கட்டித் தர வேண்டிய கட்டடம் இது. பிந்தித்தான் வந்துச்சு, வந்த வரைக்கும் நல்லது.

அதனால காலையிலயே அப்பா கதவைக் கழட்டி, தோட்டத்து லயத்துப் பொம்பளைங்க எல்லாரும் தூக்கிக்கிட்டுப் போய் அங்க மாட்டியாச்சு. பேரு செதுக்கின பக்கம் வெளிய, ரோட்டைப் பார்த்து. வாசல் பத்தல. கட்டடம் கட்டின மேசன் பாஸ் கதவைச் சீவ வந்தாரு, நான் விடல, சுவத்தைச் செதுக்கினாரு. மெல்வின் சேர் சட்டப்படி ரசீது எழுதினாரு. நிபந்தனை ஏதும் உண்டான்னு கேட்டாரு, இல்லைன்னேன். ரசீது உங்க பேர்லதான், இத்தோட வச்சிருக்கேன். ஷாமிளா பள்ளிக்கூடம் போயிட்டா.

அந்தப் பசளைச் சாக்கு இப்ப நம்ம வீட்டு வாசல்ல தொங்குது. இவரு இன்னும் பார்க்கல. நீங்க வந்தா தட்ட வேண்டியதில்ல அண்ணே, விலக்கிட்டு உள்ள வாங்க.