பெரியாயி சமம் துரை

ஒருவர் அவரேதானா என்று தெரியாமல் அவருக்கு வீடு கொடுப்பது நாட்டுக்கே ஆபத்து. ஆகவே பதுளையில் ‘ஆள் ஒப்பீட்டுப் பிரிவு’ என்று ஒன்றைத் தொடங்கி, ஒரு கணினியை வைத்து, அதற்குக் குத்துவிளக்கும் ஏற்றினார்கள்.

மடுல்சீமைப் பக்கம் எங்கள் கல்மலைத் தேயிலைத் தோட்டத்தில் இருநூற்றுப் பதினான்கு பேர் வீட்டுக்கு விண்ணப்பித்திருந்தோம். முதல் அழைப்பு கொழுந்து பறிக்கும் பெரியாயிக்கு. வரிசை வீடுகளான லயத்தில் அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவில் தகரம் ஒழுகாத மூலை ஒன்றுதான். அங்கே மகளின் பள்ளிப் புத்தகங்கள் இருக்கும், மற்றவர்கள் நனைவார்கள்.

அதிகாரி ராமாமிர்தம் அவளுடைய அடையாள அட்டையையும் தோட்டப் பதிவையும் கணினிக்குக் காட்டினார். ‘சமமல்ல’ என்றது அது.

“ரெண்டு பெரியாயியும் ஒரே ஆள் இல்லம்மா.”

“ரெண்டும் நாந்தாங்க ஐயா. இந்தா நிக்கிறேனே!”

“அட்டை ஒரு வகுப்பு, பதிவு வேற வகுப்பு. வகுப்பு வேறன்னா கம்ப்யூட்டர் உள்ள பிரிச்சே பாக்காது.”

“நா ஒரு வகுப்பும் படிக்கலீங்களே.”

கணினிக்கு நிரல் எழுதிய துஷ்யந்தி பண்டாரவளையிலிருந்து வரவழைக்கப்பட்டார். வகுப்பு என்பது ஆவண வகைதான், அது வேறானாலும் இரண்டிலும் பொதுவாக உள்ளதை மட்டும் ஒப்பிடலாம் என்றார். தேடினார்கள். பெயர் அட்டையில் சிங்களத்தில், பதிவில் தமிழில். பிறந்த தேதி அட்டையில் இருந்தது, பதிவில் ‘அடைமழைக் காலம்’ என்று இருந்தது. எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போனது முகவரி ஒன்றுதான்: கல்மலைத் தோட்டம், மடுல்சீமை. லயத்துக்கு ஏது வீட்டிலக்கம்?

“முகவரியே போதும்” என்று ராமாமிர்தம் ஆணையிட்டார். கணினி ‘சமம்’ என்றது. எல்லோரும் பிளேன்டீ குடித்தார்கள்.

அடுத்த மாதம் எங்கள் இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் ஒரே கடிதம் வந்தது. ‘மேற்படி முகவரியில் வசிக்கும் தாங்கள் அனைவரும் ஒருவரே என உறுதிசெய்யப்பட்டுள்ளது. தங்களிடம் ஏற்கனவே பதினொரு அறைப் பங்களா ஒன்று இருப்பதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.’

அந்தப் பங்களாவிலிருந்து தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கும் அதே முகவரிதான்.

பெரியாயி மறுபடி பஸ் ஏறினாள்.

“ஐயா, நா தொரயா?”

“கம்ப்யூட்டர் படி ஆமாம்மா.”

“அப்ப தொர நானா?”

ராமாமிர்தம் யோசித்தார். “சமம்னா ரெண்டு பக்கமும்தானே.”

“அப்ப நாளைக்குக் காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்கு அவரு போகட்டுங்க. கூடையக் குடுத்து விடுறேன். பங்களா சாவியக் குடுங்க.”

“அது நடைமுறைம்மா. நாங்க சமம் மட்டுந்தான் பாக்குறது. நடைமுறை வேற பிரிவு.”

“அதுவும் வேற வகுப்புங்களா?” என்று கேட்டுவிட்டுப் பெரியாயி எழுந்தாள். எனக்கு அவளை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

எல்லோரும் சேர்ந்து மறுவிண்ணப்பம் போட்டால் பார்க்கலாம் என்று வாசலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் தாளோடு லயம் லயமாக நடந்தாள். அதற்குள் அரசாங்க முத்திரையோடு வந்த கடிதத்தை நாங்கள் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தோம். “வாங்க தொர”, “என்னா தொர” என்று எங்களுக்குள் பேச்சும் பழகிவிட்டது. கடைசிக் காம்பரா மாரிசாமி தாளைத் தொடக்கூட இல்லை.

“லயத்துக்காரி நீட்டுற தாள்ல தொர கையெழுத்துப் போடுறதா?” என்றான்.

இருநூற்றுப் பதின்மூன்று பேரில் ஒருவர்கூடப் போடவில்லை. நானும்தான் போடவில்லை.