முன்வரிசையில் ஒரு கைப்பிள்ளை

ஏணைக் கயிறு அறுந்து விழுந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு நஸார் ஆட்டிக்கொண்டிருந்தான். உள்ளே கிடந்த அவனுடைய மகள், மூன்று மாதக்காரி அஸீபா, சிலாவத்துறை முழுக்கக் கேட்கட்டும் என்று வீரிட்டாள்.

"மெல்ல ஆட்டுங்கோ! பிள்ளையை நித்திரையாக்கச் சொன்னா, கச்சான் காத்துக்குள்ள வள்ளம் விடுற மாதிரியெல்லோ ஆட்டுறீங்க" என்றாள் அவன் மனைவி றஸ்னா.

"மெல்ல ஆட்டினாலும் அழுறாள், வேகமா ஆட்டினாலும் அழுறாள். கொஞ்சம் அழவிட்டா தானா ஓஞ்சு நித்திரையாக மாட்டாளோ?"

"அந்தக் கதையே வேண்டாம். பிள்ளை ஏங்கி ஏங்கி நித்திரையாகக் கூடாது. சிரிச்ச முகத்தோட கண்ணை மூடோணும்."

சொன்னவளின் கண்கள் மிளகாய்ப் பழம் மாதிரிச் சிவந்திருந்தன. அன்று காலையில் தேத்தண்ணிக்குச் சீனி என்று உப்பைப் போட்டிருந்தாள். நஸார் மறுபேச்சில்லாமல் குடித்து வைத்தான்.

றஸ்னா கணித ஆசிரியை. பிரசவ லீவு முடியப்போகிறது. வள்ள எஞ்சின் திருத்தும் நஸாரின் பட்டறை வீட்டோடு இருப்பதால், பகலில் அவன் பிள்ளையைப் பார்ப்பதென்று ஏற்பாடு. ஆனால் அஸீபாவோ மத்தியானம் தொடங்கினால் பொழுது சாயும்வரை ஓயமாட்டாள். "நான் வேலையை விடப்போறன்" என்று றஸ்னா சொல்லத் தொடங்கியிருந்தாள். அந்த நியமனத்துக்காக அவள் எவ்வளவு காலம் காத்துக் கிடந்தாள் என்பது அவனுக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து வீதியில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று வந்து நின்றது. பிரதேச சபைத் தேர்தல் காலம். வேட்பாளர் ஜவாஹிர் ஹாஜியார் மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த வட்டார மக்களே! தண்ணீர் முக்கியமானது. ஏன் முக்கியமானது? அது தண்ணீர் என்பதால் முக்கியமானது. தண்ணீர் வராத இடத்தில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாததற்குக் காரணம் அது வராததுதான். ஆகவே அன்பார்ந்த வட்டார மக்களே..."

ஏற்றமில்லை, இறக்கமில்லை, முடிவும் இல்லை. அஸீபா அழுகையை நிறுத்தினாள். கூரையைப் பார்த்து ஒருமுறை சிரித்தாள். ஹாஜியார் தண்ணீரை விட்டு வீதிக்கு வந்து சேருவதற்குள் அவள் கண் மூடிவிட்டது. நஸார் திரும்பிப் பார்த்தால், றஸ்னாவும் சுவரில் சாய்ந்தபடி நல்ல நித்திரை.

அல்ஹம்துலில்லாஹ் என்று அவன் மூச்சு விட்டதுதான் தாமதம், முன்வாசலில் இடி இடித்தது.

"என்ட வாசல்ல வந்து நிண்டு என்ட வோட்டையே கேக்கிறியோ? எடுடா வாகனத்தை!"

அது றஸ்னாவின் வாப்பா, சாஹுல் ஹமீட். வீடு அவருடையது. அதே வட்டாரத்தில் ஜவாஹிருக்கு எதிராகத் தேர்தல் கேட்பவரும் அவரேதான். வாகனம் ஓடிப்போனது. அஸீபா விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

மறுநாள் பின்னேரம் முசலியில் ஜவாஹிரின் கூட்டம். பிள்ளையைத் துவாயில் சுற்றிக்கொண்டு நஸார் ஓட்டோவில் போய் இறங்கினான். ஜவாஹிரின் கூட்டத்தில் சனம் எப்போதும் பின்னால்தான் நிற்கும். நழுவுவதற்கு அதுதான் வசதி. முன்வரிசைக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. குரல் நன்றாகக் கேட்குமே என்று நஸார் அங்கே போய் இருந்தான். அஸீபா உடனே உறங்கிப்போனாள்.

மேடையிலிருந்த ஜவாஹிருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாருங்கோ மக்களே! என்னை எதிர்த்து நிற்பவரின் சொந்த மருமகன்! கைப்பிள்ளையோடு முன்வரிசையில்! அந்தப் பிள்ளைகூடச் சத்தம் போடாமல் என் கொள்கையைக் கேட்கிறது!"

கைதட்டல். பத்துப் பேர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். நஸார் வீட்டுக்கு வந்து சேர முன்னமே படம் மாமாவின் போனுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"என்ன மருமகன் இது?"

"நித்திரைக்குப் போனனான் மாமா."

"அவன்ட கூட்டத்துக்கு எல்லாரும் நித்திரைக்குத்தான் போறவங்கள்! முன்வரிசையில ஏன் போய் இருந்தீங்க?"

இனிமேல் கூட்டத்துக்குப் போவதில்லை என்று நஸார் சத்தியம் பண்ணிக் கொடுத்தான். போகத்தான் கூடாது, வீட்டுக்குக் கொண்டுவரலாம்தானே என்று அவன் புத்தி வேலை செய்தது. கூட்டாளி ஒருவனை அனுப்பி அடுத்த கூட்டத்தின் பேச்சைப் போனில் பதிவுசெய்து எடுத்தான். போனின் சின்னச் சத்தத்துக்கு அஸீபா மசியவில்லை. கல்யாண வீடுகளுக்குப் பாட்டுப் போடும் அந்தக் கூட்டாளியிடமே பெரிய ஸ்பீக்கர் பெட்டியையும் இரவல் வாங்கி அறைக்குள் வைத்தான்.

பேச்சைப் போட்ட நேரத்தில், மாமா தன் ஆதரவாளர்களை முன் விறாந்தையில் கூட்டிவைத்து, "ஜவாஹிர்ட வாயை அடைக்கிற காலம் வந்திட்டு!" என்று கையை ஓங்கிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்து, "அன்பார்ந்த வட்டார மக்களே!" என்று ஜவாஹிர் கணீரென்று பதில் சொன்னார்.

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. இரண்டு பேர் எழும்பிச் செருப்பைத் தேடினார்கள். மாமா அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மெல்ல, வாப்பா! பிள்ளை நித்திரை" என்றாள் றஸ்னா.

"என்ட வோட்டுப் போகுது மகள்!"

"போனா அடுத்த எலக்சனுக்கு வரும். இவள்ட நித்திரை போனா வராது."

மாமா பேத்தியைப் பார்த்தார். அவள் வாயோரம் பால் வழியச் சிரித்தபடி உறங்கிக்கொண்டிருந்தாள். அவருடைய கோபம் இறங்கிவிட்டது. ஆனால் ரோசம் ஏறிவிட்டது.

"அவன் பேசி நித்திரையாகிற பிள்ளை, நான் பேசினா ஆகாதோ? அதை நிப்பாட்டுங்கோ."

பெட்டியை நிறுத்தியதும் பிள்ளை முழித்தாள். மாமா தொண்டையைச் செருமி, ஏணைக்குப் பக்கத்தில் நின்று, "ஏமாந்தது போதும்! பொங்கி எழு!" என்று தொடங்கினார். அஸீபா பொங்கி எழுந்தாள். அவளைச் சமாதானப்படுத்த முழுப் பின்னேரமும் போனது. "இனி இந்த வீட்டுக்குள்ள அவன்ட குரல் கேக்கப்படாது" என்று மாமா பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். வாக்கெடுப்பில் தோற்றிருந்தால்கூட அவர் அவ்வளவு வருந்தியிருக்க மாட்டார்.

தேர்தல் நெருங்கியது. நஸாருக்குப் புதிய கவலை பிடித்தது. ஜவாஹிர் தோற்றால் மைக்கை விட்டுவிடுவார். பிறகு பிள்ளையின் கதி? வென்றால் பாலம் திறப்பார், கட்டடம் திறப்பார், திறக்க ஒன்றுமில்லாவிட்டாலும் பேசுவார். பதவிக்காலம் முழுக்க நித்திரை! எஞ்சின் திருத்த வந்தவர்களிடமெல்லாம் அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"ஜவாஹிர் ஹாஜியாருக்குப் போடுங்கோ. மாமாட்டச் சொல்லிராதீங்கோ."

மாமாவின் சோற்றைத் தின்றுகொண்டு இந்த வேலை பார்ப்பது அவன் நெஞ்சைக் குத்தத்தான் செய்தது. றஸ்னாவின் கண்ணைப் பார்த்தால் அந்தக் குத்து மறந்துபோகும்.

ஜவாஹிர் வென்றார். விஷயம் மாமாவுக்கு எட்ட, அவர் மருமகனோடு பேச்சை நிறுத்தினார். அது பரவாயில்லை. வென்ற ஜவாஹிரும் பேச்சை நிறுத்திவிட்டார். அதுதான் இடி.

வாகனம் திரும்பிப் போனது, மேடை கழன்றது. ஹாஜியார் வீதியில் தலை காட்டுவதில்லை, போனும் எடுப்பதில்லை. ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த கதை. நஸாருக்கு மட்டும் மறந்துபோயிற்று. பேச்சு நின்ற வீட்டில் அஸீபா மட்டும் முழங்கினாள்.

"நாளைக்கு நான் போகல்ல. வேலையை விட்டுட்டன் எண்டு சொல்லப்போறன்" என்றாள் றஸ்னா, லீவு முடிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அழவில்லை. அதுதான் நஸாரால் தாங்கமுடியாமல் இருந்தது. கத்தும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே ஜவாஹிரின் வீட்டுக்கு நடந்தான்.

வாசலில் வேலை கேட்டும் வீதி கேட்டும் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். ஹாஜியார் ஊரில் இல்லை என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஊரில் இல்லாத ஹாஜியார் யன்னல் சீலையை விலக்கி எட்டிப் பார்த்து, நஸாரைக் கண்டதும் பின்கதவால் உள்ளே எடுத்தார்.

"வாங்கோ தம்பி! உங்களை மறப்பனோ? முன்வரிசையில இருந்த ஒரே ஆள் நீங்கதான். என்ன வேணும், கேளுங்கோ."

"ஒரு பேச்சு வேணும் ஹாஜியார்."

"பேச்சோ?"

நஸார் உண்மையைச் சொல்லிவிட்டான். "உங்கட பேச்சைக் கேட்டாத்தான் இவள் நித்திரையாவாள். கூட்டத்துக்கு வந்ததும் அதுக்குத்தான். இவள் நித்திரையாகாட்டி றஸ்னா நாளைக்கு வேலையை விட்டுடுவாள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ஜவாஹிரின் முகம் செத்துவிட்டது. அந்தப் பிள்ளை தன் கொள்கையைக் கேட்ட கதையை அவர் போகுமிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

"அப்ப... கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆளும் நித்திரையோ?" என்று கதிரையில் தொப்பென்று விழுந்தார். நஸாருக்குத் தரை பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது போலிருந்தது.

தேத்தண்ணித் தட்டோடு வந்த ஹாஜியாரின் மனைவி, தட்டை வைத்துவிட்டு, கத்தும் பிள்ளையை வாங்கிக் கணவரின் மடியில் கிடத்தினார்.

"முகத்தை நீட்டாம இவளோட கதையுங்கோ."

ஜவாஹிர் பிள்ளையைப் பார்த்தார். "அன்பார்ந்த... வட்டார மக்களே... தண்ணீர் முக்கியமானது..." என்றார். அஸீபா அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் குரல் சீராக ஓடத் தொடங்கியது. மெல்ல மெல்ல அவள் கண்கள் மூடின. அவருடைய கையும் தன்னையறியாமல் அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு றஸ்னா பள்ளிக்கூடம் போகட்டும் தம்பி. மத்தியானத்தில பிள்ளையை இஞ்ச கொண்டுவாங்கோ, இவர் பார்ப்பார்" என்றார் அந்த அம்மா.

நஸாருக்குக் கண் நிறைந்துவிட்டது. "இவர்ட பேச்சுக்குப் பிள்ளைகள் நித்திரையாகும் எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ ராத்தா?"

"தெரியாமலோ? எங்கட ஏழு பிள்ளைகளையும் இவர்தான் பேசிப் பேசி நித்திரையாக்கினவர். கடைசியும் வளர்ந்து, வீட்டில நித்திரையாக்க ஆளில்லாமப் போனதாலதானே நான் இவரை எலக்சன் கேக்க அனுப்பினனான்!"