பூச்சி மாமாவின் பாதி வீடு

எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சேவல்களுக்கு மட்டும் பேச வாய் இருந்திருந்தால், பூச்சி மாமா இந்நேரம் ஆயுள் தண்டனைக் கைதியாக இருந்திருப்பார். அக்கரப்பத்தனைப் பக்கம் எங்காவது கழுத்து மட்டும் மொட்டையான சேவலைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம், அது அவர் கை பட்ட சேவல்தான்.

அவருக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று உண்டு. சம்பளத் துண்டைத் தவிர வேறெங்கும் அது உபயோகப்பட்டதில்லை. வேலை, தேயிலை ஆலையில் அடுப்புக்கு விறகு போடுவது. மிச்ச நேரமெல்லாம் பூச்சி கட்டுவார். அதாவது தூண்டில் முள்ளில் நூலும் இறகும் கம்பளியும் சுற்றி, மீன் நம்பி வாயைத் திறக்கிற மாதிரி ஒரு பொய்ப்பூச்சி செய்வார். பழைய துரை பங்களா இப்போது ஓட்டல். அங்கே தங்க வருகிறவர்கள் எங்கள் ஓடையில் ட்ரவுட் மீன் பிடிப்பார்கள். மண்புழு போட்டுப் பிடிப்பது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். அதனால் மாமாவுக்குக் கிராக்கி.

கிராக்கி அவருக்கு, நஷ்டம் எங்களுக்கு. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் அவரும் நானும் அடுத்தடுத்த காம்பரா, நடுவில் ஒரே சுவர். என்னுடைய மண் நிறக் கம்பளிக் குல்லாவைக் கொடியில் காயப்போட்டால், எடுக்கும்போது ஒரு பக்கம் நூல் பிரிந்திருக்கும். சண்டைக்குப் போனால், பூச்சி வயிற்றுக்கு அந்த நிறம் வேறு எங்கேயும் கிடைக்கவில்லை என்று என்னையே பாராட்டி அனுப்பிவிடுவார். ஒரு வருஷம் முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவலிலும் கை வைத்துவிட்டார். அதைப் பலி கொடுக்க முடியாது என்று பூசாரி குதித்தார்.

"சாமிக்குக் கறிதானுங்களே வேணும்? கழுத்து முடி எதுக்குங்க?" என்றார் மாமா.

பூசாரி யோசித்துப் பார்த்துவிட்டு, சேவலைக் கிட்டே கொண்டுவரச் சொல்லி அரிவாளைக் கையில் எடுத்தார்.

மாமா கட்டியதெல்லாம் ஒரே பூச்சி. வெள்ளைக்காரர்கள் அதைக் கேடிஸ் என்பார்கள். புழுவாக இருக்கும்போது ஓடைக் கல்லுக்கு அடியில் மணலையும் குச்சியையும் ஒட்டித் தனக்கென்று ஒரு கூடு கட்டிக்கொள்ளும். வளர்ந்ததும் கூட்டை விட்டுவிட்டுப் பறந்துவிடும். உட்காரும்போது இறக்கையைக் கூரை மாதிரி மடித்துக்கொள்ளும். மாமா அதற்கு வைத்த பெயர் தனிவீட்டுக்காரன். நூறு வருஷத்துக்கு மேலாக லயத்தில் முடங்கிக் கிடக்கிற எங்களுக்கு ஒரு புழுவைப் பார்த்துப் பொறாமைப்படவும் கற்றுக்கொடுத்தார்.

கூட்டோடு ஒன்று, இறக்கையோடு ஒன்று என்று இரண்டு வகை கட்டுவார். யாருக்கு எதைக் கொடுப்பது என்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. வருகிறவரைப் பார்த்து, "சொந்த வீடுங்களா, வாடகைங்களா?" என்று கேட்பார். ஓட்டல் பையன் அதை மொழிபெயர்த்துத் தலையில் அடித்துக்கொள்வான். சொந்த வீடென்றால் கூட்டுப்பூச்சி. வாடகையென்றால் இறக்கைப்பூச்சி. ஒருவர் மட்டும், வீடு தன்னுடையதுதான், ஆனால் கடன் கட்டி முடியும்வரை பாங்கியுடையது என்றார். மாமா வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு பாதிக் கூடு வைத்து ஒரு பூச்சி கட்டிக் கொடுத்தார். அன்றைக்குப் பெரிய மீன் அவருக்குத்தான் மாட்டியது.

அப்புறம் அரசாங்கத் திட்டத்தில் மாமாவுக்கே தனி வீடு வந்தது. துண்டு நிலம் கொடுத்தார்கள், அத்திவாரம் போட்டார்கள், வாசல் நிலை வைத்தார்கள். சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்ததும் வேலை நின்றுபோனது. ஏன் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினார்.

அவர் மனைவி பாக்கியம் அத்தைக்கு இளைப்பு. லயத்துத் தகரம் ஒழுகும் இடத்துக்கு நேர் கீழேதான் அவளுடைய படுக்கை. பக்கத்து வீட்டுக் கிழவி இறந்தபோது, அந்தக் குறுகிய வாசலில் சவப்பெட்டியைச் சாய்த்துச் சாய்த்து வெளியே எடுத்ததை அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் மாமாவிடம் சொன்னது சுவர் வழியாக எனக்கும் கேட்டது.

"என்னைய இப்புடிச் சாய்ச்சுத் தூக்காதீங்க. நம்ம வீட்டு வாசல்ல நேரா எடுங்க."

வீடு முடியவில்லை. மழைக்காலத்தில் அத்தை முடிந்துபோனாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெட்டியை லயத்துக்குக் கொண்டுவர மாமா விடவில்லை. நேரே அந்தப் பாதி வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். தோட்டத் தலைவர் வழியை மறித்தார்.

"பால் காய்ச்சாத வீட்டுக்குள்ள பொணத்தக் கொண்டு போறதாங்க?"

"அப்பக் காய்ச்சிருவோம்."

பெட்டி பாதையோரம் பெஞ்சில் காத்திருந்தது. கூரையில்லாத வீட்டுக்குள் மூன்று கல் வைத்து, ஆலையிலிருந்து காய்ந்த விறகு கொண்டுவந்து மூட்டினார். பசும்பால் எங்கே போவது? இருந்தது பால்மாத் தூள்தான். பால்மாவில் காய்ச்சினால் செல்லுமா என்று அந்தத் தூறலில் ஒரு வாக்குவாதம் நடந்தது. அதுவும் மாட்டிலிருந்து வந்ததுதான் என்று அதே பூசாரி தீர்ப்புச் சொன்னார். நான் பானைக்குக் குடை பிடித்தேன். பால் பொங்கமாட்டேன் என்றது. மாமா இன்னொரு பால்மாப் பாக்கெட்டை உடைத்துக் கொட்டினார். அப்புறமும் கொஞ்சம் கொட்டினார். சிரிப்பை அடக்க முடியாமல் சில பேர் திரும்பிக்கொண்டார்கள், நானும்தான். கடைசியில் ஒரு ஓரமாக நுரை ஏறி வழிந்தது.

மாமா எழுந்து வாசல் நிலைக்குப் பக்கத்தில் நின்றார்.

"பாக்கியத்தக் கூட்டிட்டு வாங்க."

அதற்குப் பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. குடையைப் பிடித்தபடியே நான் அழுதேன். அந்த வாசலில் பெட்டி நேராக உள்ளே வந்தது, சடங்கு முடிந்து நேராகவே வெளியே போனது. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மாமா என்னிடம் வந்தார்.

"நேராத்தானே போனா?"

"நேராத்தான் மாமா."

சுவர் இன்றைக்கும் அதே ஜன்னல் உயரத்தில்தான் நிற்கிறது. மாமா இன்னும் எனக்கு அடுத்த காம்பராவில்தான் இருக்கிறார். ஓட்டலுக்கு வருகிறவர்களிடம் இப்போது அவர் எதுவும் கேட்பதில்லை. கூட்டுப்பூச்சி கட்டுவதை விட்டுவிட்டார். யார் வந்தாலும் இறக்கை வைத்ததுதான்.

அதன் வயிற்றுக்கு மண் நிறக் கம்பளி நிறையவே தேவைப்படுகிறது. என் குல்லா காதுவரைக்கும் பிரிந்து வந்துவிட்டது. குளிரில் அது எதற்கும் உதவாது, உள்ளேயாவது காயப்போடுங்கள் என்று என் மனைவி திட்டுகிறாள். நான் வெளியேதான் போடுகிறேன், அவர் கைக்கு எட்டுகிற பக்கமாக.