வாசுதேவன் ரசீதேந்திப் போருக்குப் புறப்பட்டது

வாழ்க வாசுதேவன்! சதுரங்கப்பட்டினத்து உப்புக்காற்றில் துருவேறிய ஸ்கூட்டரைத் தேரெனச் செலுத்துபவனும், நகரியத்து மூன்றாம் மாடிக் குடியிருப்பைக் கோட்டையென ஆள்பவனும், பொறியியல் பயிலும் ஹரிப்ரியா என்னும் அறிவுச்சுடரைப் பெற்றவனுமாகிய வாசுதேவன் வாழ்க! கலைமகளே, சற்றே என் நாவில் வந்து அமர்வாய். இம்மாவீரன் வருமான வரியோடு பொருத கதையைச் சொல்லப் புகுந்தேன்.

அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. மாதச் சம்பளக் குலத்தின் பரம்பரைப் பகைவனாம் பிப்ரவரி, ஆண்டு முழுவதற்குமான மிச்ச வரியை ஒரே கவளமாக விழுங்க வாய்பிளந்து வந்துகொண்டிருந்தான். அவனைத் தடுக்க வாசுதேவனிடம் இருந்த கேடயம் ஒன்றே. அது, சென்ற ஜூன் மாதம் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியதற்கான ரசீது. அதை அலுவலகத்தில் காட்டினால் வரி குறையும். ஆனால் அக்டோபரில் ஹரிப்ரியா வகுப்பில் முதலாவதாக வந்து உதவித்தொகை வென்றாள். கல்லூரியும் கட்டிய கட்டணத்தைக் காசு குறையாமல் திருப்பித் தந்துவிட்டது. ரசீதைத் திருப்பிக் கேட்க மட்டும் மறந்துபோயிற்று.

திரும்பி வந்த பணத்துக்கு வரிவிலக்குக் கேட்கலாமா என்று வாசுதேவனின் நெஞ்சு கேட்டது. ஊரில் யார்தான் கேட்கவில்லை என்று அதே நெஞ்சு பதிலும் சொல்லிக்கொண்டது. பாவம், அவனும் என்ன செய்வான்? முதலாவதாக வந்த மகளுக்குப் பிப்ரவரிச் சம்பளத்தில் செல்போன் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். திரும்பி வந்த பணமோ கட்டணத்துக்கு வாங்கிய கடனை அடைக்கவே சரியாய்ப் போயிற்று. வரி பிடித்தால் செல்போன் இல்லை.

எனவே, நெற்றியில் நீறணிந்து, சட்டைப்பையில் ரசீதணிந்து, கோப்புகள் மலையெனக் குவிந்த கணக்குப் பிரிவு என்னும் களத்துள் புகுந்தான் வீரன். அங்கே வீற்றிருந்தார் சின்னையன், திருக்கழுக்குன்றத்துக்காரர். அவ்வூர் மலைக்குக் கழுகுகள் வருவது நின்றபின் அவற்றின் கண்கள் இவரிடம் வந்து சேர்ந்தன என்று அலுவலகமே நம்பியது. ரசீதை மேலும் கீழும் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மின்விசிறியும் மூச்சடக்கிச் சுழன்றது.

"இன்னா சார் இது? பாப்பாவுக்கு ஸ்காலர்ஷிப்பு வந்துச்சின்னு ஆபீஸ் பூரா லட்டு குட்தீங்களே! ஃபீஸு மொத்தம் திரும்பி வந்துட்ச்சின்னு நீங்கதான சொன்னீங்க? நானே ரெண்டு துண்ணேன்."

ஐயகோ! எந்த வெற்றியை அறிவிக்க மேசைமேசையாய் லட்டு வழங்கினானோ, அந்த லட்டே எதிரணியில் நின்றது! தின்ற வாய்கள் அத்தனையும் திரும்பிப் பார்த்தன. சின்னையன் நல்லவர், குரலைத் தாழ்த்தித் தப்பிக்க ஒரு வழியும் காட்டினார்.

"வர்லன்னு சொல்லுங்க சார். சும்மா பெருமைக்குச் சொன்னேன்னு சொல்லுங்க. நான் வாங்கிக்கிறேன், எனக்கின்னா?"

ஒரு சொல் போதும். வரி குறையும், செல்போன் வரும். வாசுதேவன் வாய் திறந்தான். அலுவலகமே காத்திருந்தது. விடிய விடியப் படித்துக் கண் சிவந்த மகளின் முகம் அப்போது அவன்முன் வந்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்வான்? மார்பு விம்ம, எட்டுத் திசையும் அதிர முழங்கினான்:

"வந்துச்சுய்யா! எம்பொண்ணுக்கு முழு ஸ்காலர்ஷிப் வந்துச்சு! ஃபர்ஸ்ட்டு வந்தா! எவன்யா வரலைன்னு சொன்னான்?"

முழங்கிய வேகத்தில் ரசீதை நான்காகக் கிழித்துக் காற்றில் வீசினான். வானோர் பூமாரி பொழிந்ததுபோல் அத்துண்டுகள் சின்னையனின் டீ டம்ளரில் விழுந்தன.

ஹரிப்ரியா அந்த வருடமும் ஹாஸ்டல் வாசலில் இருந்த ஒரு ரூபாய் போனில்தான் வீட்டுக்குப் பேசினாள்.