ஹந்தானைக் காற்று ஒரு கிழமை தாமதம்

கொம்பியூட்டர் இருபது என்றது. அங்கம்மாவின் கொப்பி நாற்பது என்றது.

றமீலா இரண்டையும் மாறி மாறி முறைத்தாள். முறைத்தால் எண்கள் பயந்து மாறும் என்றால் அவள் எப்போதோ கலாநிதிப் பட்டம் வாங்கியிருப்பாள்.

கண்டி பஸ்களின் புகையும் வெயிலும் சேர்ந்து ஓசோன் என்ற வாயுவை உண்டாக்குகின்றன. அது ஹந்தானை மலையில் எவ்வளவு ஏறும் என்று சொல்ல கொம்பியூட்டரில் ஒரு மொடல் செய்வதாகப் பல்கலைக்கழகத்தில் பதிந்து நாலு வருடம் ஓடிவிட்டது. மொடல் சொல்வதும் மலையில் அளப்பதும் இந்த மாதத்துக்குள் ஒத்துப்போகாவிட்டால் பதிவு ரத்து.

அளப்பதற்கு மலையிலுள்ள தேயிலைத் தோட்டத்தில் ஓர் அறையும் மெஷினும் இருந்தன. தானாகப் பதியும் பகுதி இடியில் கருகிவிட்டது. புதியது சுங்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. எனவே பக்கத்துத் தொழிலாளர் லயத்து அங்கம்மா மூன்று வேளையும் மெஷினைப் பார்த்துக் கொப்பியில் எழுதினாள். ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

“மொடல்ல பஸ்ஸ கொறச்சுப் போட்டீங்க புள்ள,” என்றார் றமீலாவின் பேராசிரியர் பாரூக் சேர். “ஸ்கூல் விடுற நேரம் டவுனுக்குள்ள போய் நின்டு பாருங்க.”

போய் நின்றாள். இரண்டு நாள் இருமினாள். குண்டசாலை பஸ், கட்டுகஸ்தோட்டை பஸ், புகை தள்ளும் த்ரீவீலர் எல்லாவற்றையும் எண்ணி மொடலுக்குள் ஏற்றினாள். மொடல் நாற்பதுக்கு வந்தது. அன்றைக்கு மட்டும் அவளுக்குச் சோறு இறங்கியது.

திங்கட்கிழமை ஹந்தானைக்கு ஏறினாள். கொப்பியைத் திறந்தாள். இருபத்திரண்டு.

“அங்கம்மாக்கா, சரியாப் பாத்துத்தானே எழுதினீங்க?”

“பாக்காம எழுதுவேனா மிஸ்? கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் பாக்குறேன்.”

றமீலா பெருமூச்சு விட்டாள். அளக்கிறவர்களுக்கும் வேலையின் பயன் தெரியவேண்டும் என்பது பாரூக் சேரின் கட்டளை. அதனால் திங்கள்தோறும், மொடல் கடைசியாகச் சொன்ன கணக்கை அந்த அறைச் சுவரில் ஒட்டிவிட்டு வருவாள். அன்றும் நாற்பது என்ற தாளை, வெட்கத்தோடு ஒட்டினாள்.

“இலைகள மறந்துட்டீங்க,” என்றார் பாரூக் சேர். “தேயிலை இலையும் ஓசோன உறிஞ்சும்.”

மலை முழுக்கத் தேயிலை இலையை மொடலுக்குள் விரித்தாள். கொம்பியூட்டர் சூடேறி இரண்டு தரம் நின்றது. மூன்றாம் தரம் இருபத்திரண்டு என்றது.

அடுத்த திங்கள் கொப்பியில் நாற்பத்திரண்டு.

“யா அல்லாஹ்!” என்று சுவரில் சாய்ந்துவிட்டாள்.

“டீ ஊத்தவா மிஸ்?” என்றாள் அங்கம்மா. “மொகமே சரியில்லையே.”

ஓசோனைக் கூட்டுமென்று பைனஸ் மரங்கள் விடும் ஆவியைச் சேர்த்தாள். மொடல் நாற்பத்திரண்டுக்கு ஏறியது. கொப்பி இருபத்து நாலுக்கு இறங்கியது. இவள் ஏற்றினால் அது இறங்கியது; இவள் இறக்கினால் அது ஏறியது. வேண்டுமென்றே செய்வதுபோல் இருந்தது. ஒரு வாயுவுக்குத் தன்மேல் என்ன கோபம் என்று அவளுக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். புகை கண்ணில் பட்டதாகப் பக்கத்து ஸீட் மனிசி நினைத்து ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

மறுநாள் விலகல் கடிதத்தோடு பாரூக் சேரின் மேசைக்கு முன் நின்றாள்.

“எனக்கு ஏலாது சேர். நாலு வருஷம் போச்சு. நான் கெட்டிக்காரி இல்லன்டு இப்ப வெளங்கிட்டு.”

அவர் கடிதத்தைப் பார்க்கவில்லை. மொடலின் கோட்டையும் கொப்பியின் கோட்டையும் இரண்டு கண்ணாடித் தாள்களில் வரைந்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்திருந்தார். மேல்தாளை மெல்ல நகர்த்தினார். ஒரு கிழமை, ஏழு நாள் அளவு நகர்ந்ததும் இரண்டு கோடுகளும் ஒட்டினாற்போல் கிடந்தன.

“புள்ள!” அவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். “உங்கட மொடல் பிழையில்ல! ஒரு கிழமை முந்திச் சொல்லுது! போன கிழமை மொடல் என்ன சொல்லிச்சோ, அதத்தான் இந்தக் கிழமை மல காட்டுது!”

“ரெண்டு கூடுதலா இருக்கே சேர்?”

“ஒவ்வொரு முறையும் அதே ரெண்டு! அதுதான் அத்தாட்சி!”

வருங்காலத்தைச் சொல்லும் மொடல்! கடிதத்தை அவரே கிழித்தார். அன்றே பரீட்சைக் குழுவுக்கு எழுதினார். செய்தி பரவி, வானிலைக்காரர்களும் தாங்களும் வருவதாகச் சொன்னார்கள். நாலு வருடமாகத் தன்னை ஏய்த்த மொடல் திடீரென்று வருவதை அறியும் அவுலியாவாக மாறியதை றமீலாவால் நம்ப முடியவில்லை. ஆனால் நம்பாமல் இருக்க அவளிடம் தெம்பும் இல்லை.

வியாழக்கிழமை பதினொரு பேர் அந்தச் சின்ன அறைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். குழுத் தலைவர் பேராசிரியர் ஜவாஹிர் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மொடலின் பழைய தாள்களோடு ஒப்பிட்டார். ஒவ்வொரு கிழமையும் பிசகாமல் பொருந்தியது.

“இப்பிடியொரு பொருத்தம் நான் எங்கயும் கண்டதில்ல,” என்றார். பாரூக் சேர் றமீலாவின் பக்கம் திரும்பிக் கண் சிமிட்டினார். நாலு வருடத்தில் முதல்முறையாக அவள் நெஞ்சு லேசானது.

ஜவாஹிர் அங்கம்மாவிடம் திரும்பினார். “நீங்கதான் எழுதுறதா? இவ்வளவு ஒழுங்கா எழுத எங்க படிச்சீங்க?”

“படிக்கலீங்க சேர், கொழுந்துக் காட்டுல பழகுனது,” என்றாள் அங்கம்மா. “ஆபீஸ்ல சொல்ற நிறைக்கு ஒரு கிலோ கொழுந்து கொறைஞ்சாலும் அரைப்பேருதான், பாதி நாள் வேலதான் விழும். முப்பது வருஷத்துல எனக்கு ஒரு அரைப்பேரு விழுந்ததில்லீங்க.”

“நல்லது. மெஷின் சரியா வேல செய்யுதா?”

அங்கம்மா மெஷினைப் பரிதாபமாகப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“அது சோம்பேறிங்க சேர், என்னைக்கும் பன்னெண்டுக்கு மேல காட்டுனதில்ல, பாவம், அதுக்கு அரைப்பேரு விழுந்துரக் கூடாதுன்னு மிஸ் செவுத்துல ஒட்டிட்டுப் போற கணக்கப் பாத்து நான்தான் வாராவாரம் ரெண்டு கூடவே எழுதிக் காப்பாத்திக்கிட்டு வர்றேன்.”