டக் டக் சுயசரிதை

"டக் டக்னு சத்தம் வருது மாப்பிள்ளை. உள்ளே யாரோ கதவைத் தட்டற மாதிரி இருக்கு" என்றார் மாமனார்.

மாப்பிள்ளை ஹார்ட் டிஸ்கைக் காதோரம் வைத்துக் கேட்டான். மாமனாரின் சுயசரிதை அதற்குள்தான் இருந்தது. வேறெங்கும் பிரதி கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து 'உங்களுக்கு என்ன தெரியும்' என்றே பேசிவந்த மனிதர், இன்று அவன் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். விடுவானா?

"கவலையே படாதீங்க மாமா. இதைத் திறந்து பார்த்தா மிச்ச உயிரும் போயிடும். முதல்ல முழுசா ஒரு இமேஜ் எடுக்கணும்."

"புத்தக அட்டைக்கு என் படம் ஏற்கெனவே எடுத்தாச்சே."

"உங்க படம் இல்ல மாமா. டிஸ்க்ல இருக்கறதை அப்படியே நகல் எடுக்கறது. அப்புறம் நகல்லேருந்து ஃபைலைத் தேடிக்கலாம்."

நல்ல டிஸ்க் ஒன்றை மாட்டி ஓட விட்டான். கால்வாசி தாண்டியதும் கம்ப்யூட்டர் அணைந்தது. மாமியார் அதே பிளக்கில் இஸ்திரிப் பெட்டியைச் செருகியிருந்தார். ஃப்யூஸ் போய்விட்டது.

"தெரியாம செஞ்சுட்டேன் மாப்பிள்ளை."

"பரவாயில்ல அத்தை. விட்ட இடத்துலேருந்து பிடிச்சுக்கும்" என்றவன், எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசைக்கு மாற்றினான். மாமியார் மேசையைத் துடைத்தார். துணியோடு கேபிளும் வந்துவிட்டது. மறுபடி மாட்டினால் டிஸ்க் முன்னிலும் பலமாகத் தட்டியது. சூடாகிறதே என்று விசிறியைத் திருப்பி வைத்தான். சளி பிடிக்கும் என்று அதையும் மாமியார் நிறுத்தினார்.

"நீ கொஞ்ச நேரம் சும்மா இருக்க மாட்டியா?" என்று மாமனார் பல்லைக் கடித்தார்.

மாப்பிள்ளை அசரவில்லை. மூட்டை முடிச்சோடு படுக்கையறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டான். படிக்க முடியாத இடங்களைத் தாண்டித் தாண்டி ஓடிய நகல், கடைசியில் திரும்பி வந்து அவற்றையும் சுரண்டி எடுத்தது. வேலை முடிந்த கையோடு பழைய டிஸ்க் உயிரை விட்டது. நகலைத் துழாவினான். சுயசரிதை ஓர் அத்தியாயம்கூடக் குறையாமல் கிடைத்தது.

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களைப் போய் என்னென்னமோ பேசிட்டேன்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.  கல்யாணத்தன்றுகூட மாப்பிள்ளை இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"உட்காருங்க, முதல் அத்தியாயத்துலேருந்து வாசிக்கறேன்" என்று மாமனார் கண்ணாடியைத் தேடிப் போனார்.

மாமியார் மெதுவாக அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"கஷ்டப்பட்டு நான் கீழே போட்டு உடைச்சதை நீங்க காப்பாத்திட்டீங்க மாப்பிள்ளை. இத்தனை வருஷம் தினம் சாயங்காலம் நான் கேட்டாச்சு, இனிமே நீங்க கேளுங்க."